அம்மா மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்கிறார்

உங்கள் அம்மா அரசு மருத்துவமனையில் 34 ஆண்டுகள் நர்ஸாக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றிருக்கிறார். வயது 61. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலியும் இருக்கிறது. இப்போது வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குத் தன்னார்வலராகப் போகப் போகிறேன் என்கிறார். இது சேவை மனமா, விட முடியாத பழக்கமா, உடம்புக்கு ஆபத்தா, தடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதோடு கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எங்களோடு இருக்க இப்போதுதான் அவருக்கு நேரம் கிடைத்தது, அதையும் ஆஸ்பத்திரிக்கே கொடுக்கிறாரே." மற்ற எல்லாவற்றையும்விட நீங்கள் உண்மையில் கேட்டது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உடம்பு சம்பந்தமான கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் இந்த வரியை மனதில் வைத்துக்கொண்டுதான் முழுவதையும் எழுதுகிறேன்.

நானும் நர்ஸ்தான். 1985-இல் வேலைக்குச் சேர்ந்து 2019-இல், 58 வயதில் ஓய்வு பெற்றேன். அப்போது அதுதான் ஓய்வு வயது; 2020-இல் 59 என்றும் 2021-இல் 60 என்றும் மாற்றினார்கள். தென்மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஜெனரல் வார்டு, பிரசவ வார்டு, தீக்காய வார்டு என்று சுற்றி, கடைசி எட்டு வருடம் புற்றுநோய் வார்டில் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள், பாலியேட்டிவ் என்று நாங்கள் சொல்கிற, தீராத நோயில் இருப்பவர்களின் வலியையும் வேதனையையும் குறைக்கிற நோய் ஆதரவு சிகிச்சைக் குழு ஒன்றுடன் வீடு வீடாகப் போகிறேன். இன்னொரு நாள் காலையில் மூன்று மணி நேரம் மருத்துவமனையில் தன்னார்வலர். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அதனால் உங்கள் கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்தும் என்னால் பார்க்க முடிகிறது.

இந்த ஆசை ஏன் வருகிறது என்பதை முதலில் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், நர்ஸ் என்றால் நாள் முழுக்க நோயாளியின் பக்கத்தில் இருக்கிறவள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பக்கத்தில் நிற்க மட்டும் எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஜெனரல் வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. நான் நைட் டூட்டி பார்த்த வார்டுகளில் நாற்பது ஐம்பது பேருக்கு ஒருத்தியாக நின்றிருக்கிறேன். கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் தனிக்கணக்கு. இரவு எட்டு மணிக்கு ஹேண்ட் ஓவர் வாங்கினால் ஊசி, மாத்திரை, ட்ரிப்ஸ் மாற்றுவது, புது அட்மிஷன், கேஸ் ஷீட் எழுதுவது என்று ஓடி, விடிகாலை நாலு மணிக்கு பி.பி., டெம்பரேச்சர் பார்க்கத் தொடங்கும்போது கால் மரத்துப் போயிருக்கும். யாராவது "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் வாய் தானாக "இதோ வந்துட்டேன்" என்று சொல்லும். அந்த இரண்டு சொல்லை நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு இரவு. மூச்சிரைப்பு என்று சேர்ந்திருந்த ஒரு பெரியவர், தலையணைக்கு அடியிலிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரிக்காத கடிதம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "மகன் போட்டிருக்கான். கொஞ்சம் உக்காந்து படிச்சுச் சொல்லு தாயி" என்றார். இதோ வந்துடறேன்யா என்றேன். வருவதாகத்தான் இருந்தேன். அன்று இரவு அடுத்தடுத்து இரண்டு பாம்புக்கடி கேஸ் வந்தது. விடிகிற நேரத்தில் அவர் கட்டிலுக்குப் போனால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார், கடிதம் நெஞ்சின் மேல் இருந்தது. அடுத்த நாள் எனக்கு வார லீவு. திரும்பி வந்தபோது டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாகத்தான் வீட்டுக்குப் போனார். வேறு யாராவது படித்துக் காட்டியிருப்பார்கள். ஆனால் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கேக் வெட்டி, எல்லோரும் பேசி முடித்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கு நினைவு வந்தது நான் காப்பாற்றிய கேஸ்கள் ஒன்றும் இல்லை. அந்தப் பிரிக்காத நீலக் காகிதம்தான் வந்தது.

உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவரிடமும் இப்படி ஒன்று இருக்கும். ஒன்றல்ல, பத்து இருக்கும். மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்கிறவர் ஊசியையும் கேஸ் ஷீட்டையும் தேடிப் போவதில்லை. டூட்டிக் காலத்தில் உட்கார முடியாத ஸ்டூலில் உட்காரத்தான் போகிறார். என் அனுபவத்தில், ஓய்வுக்குப் பிறகு தன்னார்வலராக வந்த பல நர்ஸ்கள் வேறு வேறு வார்த்தையில் இதையேதான் சொன்னார்கள்.

இந்த உட்காருகிற வேலையைச் சிறிதாக நினைத்துவிட வேண்டாம். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். முதுகுவலியால் வார்டு வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணிக்கு மாறினார். வேலை முடிந்த பிறகு, சாகப் போகிறவர்களைப் பராமரித்த செயின்ட் லூக்ஸ் என்ற இடத்துக்குத் தன்னார்வலராகப் போய்வந்தார். அங்கே ஒன்றைக் கவனித்தார். நோயாளி வலியில் கதறும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்புவதற்கு முன்பே மார்ஃபின் என்ற வலி மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நோயாளிகள் வலிக்குப் பயந்து கிடக்கவில்லை. அதைப் பார்த்தவர், பிறகு மருத்துவம் படித்து 1957-இல் டாக்டராகி, 1967-இல் சாகப் போகிறவர்களைப் பராமரிக்கிற செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். இன்று நாங்கள் போகிற ஓட்டு வீடுகளில் நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார் என்றால் அந்த வழி அங்கிருந்து வந்தது.

நம் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் கூட இருந்தவர்களும் வலி நிவாரண அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு மலப்புரம் பக்கம் அது ஊர்க்காரர்களின் வேலையாகவே ஆனது. ஆட்டோ ஓட்டுகிறவர், கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் பயிற்சி எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். 2008-இல் கேரள அரசு அதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதோடு இந்த ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கிறது. ஆகவே உங்கள் அம்மா போக நினைக்கிற வேலைக்கு இடமும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒன்றை அவர் புரிந்துகொண்டு போக வேண்டும். நர்ஸாக இருப்பதும் தன்னார்வலராக இருப்பதும் வேறு வேறு வேலை. பழைய வேலை நன்றாகத் தெரிந்தவருக்குப் புது வேலை கஷ்டம். நான் போய் முதல் மாதத்திலேயே ஒரு தவறு செய்தேன். ஒரு பாட்டிக்கு ட்ரிப்ஸ் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். என் கை தானாகப் போய், குழாயில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சக்கரத்தைத் தள்ளி வேகத்தைக் கூட்டிவிட்டது. முப்பது வருடப் பழக்கம், யோசிக்கவே இல்லை. அந்தப் பாட்டிக்கு இதயம் பலவீனம், வேண்டுமென்றேதான் மெதுவாக விட்டிருக்கிறார்கள். டூட்டி சிஸ்டர் உடனே பார்த்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. என்னைத் தனியாக ஸ்டோர் ரூம் பக்கம் கூட்டிப்போய், குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "சிஸ்டர், உங்க பேரு டூட்டி லிஸ்ட்ல இல்ல. ஏதாவது ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நான்." அன்று நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுவாரம் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து வார்டுக்குள் நுழையும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினேன். இப்போதும் அப்படித்தான்.

ஆகவே அம்மாவிடம் இதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள், அல்லது என் பதிலைக் காட்டுங்கள். தன்னார்வலராகப் போகிற இடத்தில் ஊசி போடக் கூடாது, ட்ரிப்ஸைத் தொடக் கூடாது, மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கூடாது, டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. டூட்டி நர்ஸைக் கேட்காமல் ஒரு வாய் தண்ணீர்கூட யாருக்கும் கொடுக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் சக்தி போயிருக்கலாம், தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஆபரேஷனுக்குப் போகிறவர் வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவராக இருப்பார். இதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தவருக்குத்தான் எல்லை மறந்துபோகிறது.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். செய்ய நிறைய இருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்கு முதல் தடவை வருகிற கிராமத்துக்காரருக்கு ஓ.பி. சீட்டு எங்கே போடுவது, ரத்தம் எங்கே கொடுப்பது, ஸ்கேனுக்கு எந்தக் கட்டடம், காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு எந்த ஜன்னல் என்று தெரியாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், தப்பான வரிசையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவரைக் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது பெரிய உதவி. நோயாளியோடு வந்து மூன்று நாளாகக் குளிக்காமல், நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்கிற மனைவியை, "நான் இங்கேயே இருக்கேன், போய்க் குளிச்சு சாப்பிட்டுட்டு வா" என்று அனுப்புவது உதவி. டாக்டர் ரவுண்ட்ஸில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போனது புரியாமல் விழிப்பவரிடம், என்ன புரிந்தது என்று கேட்டு, புரியாததை டூட்டி நர்ஸிடமே கேட்கச் சொல்லித் துணைக்குப் போவது உதவி. இன்சுலின் எழுதிக் கொடுத்த ஒரு அம்மாவின் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு ஊசி மருந்தைத் தகரக் கூரைக்கு அடியில் அலமாரியில் வைத்திருந்தார். வெயிலில் மருந்தின் வீரியம் போய்விடும். ஈர மணல் போட்ட பானைக்குள் சின்னப் பானை வைத்து அதில் பாதுகாக்கலாம் என்று வார்டு சிஸ்டரே வந்து காட்டிக் கொடுத்தார். அந்தக் கூச்சத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் சும்மா பேசிக்கொண்டிருந்த ஒருத்தி தேவைப்பட்டாள். டூட்டி நர்ஸுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடையாது.

வீட்டுக்குப் போகிற வேலை இன்னும் வேறு. கன்னத்தில் புற்றுநோய் வந்து புண் வெளியே வெடித்திருந்த ஒருவர் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே வாடை. அவரைப் பின்கட்டில் ஒரு சாய்ப்பில் படுக்க வைத்திருந்தார்கள். மருமகள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கஞ்சி வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் குழு நர்ஸ் உப்புத் தண்ணீரில் புண்ணை மெதுவாக நனைத்துக் கழுவி, மெட்ரோநிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினாள். அந்த வாடை புண்ணுக்குள் வளர்கிற ஒருவகைக் கிருமியால் வருவது, இந்தப் பொடி அந்தக் கிருமியைக் கட்டுப்படுத்தும். விலை குறைந்த சாதாரண மாத்திரை. அந்த அரை மணி நேரமும் என் வேலை, புண் மேல் வெளிச்சம் விழும்படி டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும்தான். எட்டு வருடம் புற்றுநோய் வார்டில் இதே கட்டைக் கட்டியவள் நான். கை பரபரத்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மருமகளையும் உட்காரவைத்து, கட்டுவது எப்படி என்று அவளுக்குக் காட்டினாள் அந்த நர்ஸ். அடுத்த வாரம் போனபோது வாடை மிகவும் குறைந்திருந்தது. ஐந்து வயதுப் பேத்தி அவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து சிலேட்டில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அதற்கு அடுத்த மாதம் காலமானார். நோயை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் கடைசிச் சில வாரம் அவர் சாய்ப்பில் தனியாகக் கிடக்கவில்லை.

பழைய அறிவில் சிலவற்றை மறக்கவும் வேண்டும். எங்கள் பயிற்சிக் காலத்தில் படுக்கைப்புண் வராமல் இருக்க ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகை அழுத்தித் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவந்திருந்தால் இன்னும் நன்றாகத் தேய்ப்போம். அது தவறு என்று பிறகு தெரிந்தது. அழுத்தித் தேய்த்தால் ஏற்கெனவே நசுங்கிப்போன தோல் இன்னும் கெடும், ஸ்பிரிட் தோலை உலர்த்தும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், ஈரம் படாமல் பார்த்துக்கொள்வதும், நல்ல சாப்பாடும்தான் காப்பாற்றும், இது உறுதி. எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டுவது என்பதில் அவ்வளவு உறுதி கிடையாது. இரண்டு மணி நேரம் என்றுதான் நாங்கள் படித்தோம், இன்றும் அதுதான் வழக்கம். ஆனால் மெத்தை, நோயாளியின் எடை, தோலின் நிலை இவற்றைப் பொறுத்து மாறும் என்றுதான் இப்போது சொல்கிறார்கள். அம்மாவும் இப்படிச் சிலவற்றைப் பழைய பாடமாகவே வைத்திருக்கக்கூடும். அதனால் தன்னார்வலர் பயிற்சி கொடுக்கிற அமைப்பாகப் பார்த்துச் சேரட்டும். 34 வருட சர்வீஸ் இருக்கிறதே, பயிற்சி எதற்கு என்று அவர் நினைத்தால், நான்கூட வகுப்பில் உட்கார்ந்து எழுதித்தான் சேர்ந்தேன் என்று சொல்லுங்கள்.

சரி, உடம்புக்கு வருகிறேன். அம்மாவின் ரிப்போர்ட்டுகள் என் முன்னால் இல்லை, அவரைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பொதுவாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆகவே காசநோய் வார்டு, நெஞ்சுநோய்ப் பிரிவு வேண்டாம். இருமலும் சளியுமாக ஜனம் நிற்கிற ஓ.பி. வரிசையில் இருக்க நேர்ந்தால் சாதாரண மாஸ்க் போதாது, என்-95 சரியாகப் பொருந்தும்படி போட வேண்டும். மஞ்சள்காமாலை பி தடுப்பூசி முன்பே மூன்று தவணையும் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போடவில்லையென்றால் இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. ஆண்டுதோறும் போடுகிற ஃப்ளூ ஊசியையும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். காலுக்கு முன்பக்கம் மூடிய, மெத்தென்ற செருப்பு. சர்க்கரைக்காரர் ஆஸ்பத்திரித் தரையில் வெறுங்காலோடு ஒரு அடி வைக்கக் கூடாது. சர்க்கரையால் காலில் உணர்வு குறைந்திருந்தால் குத்தினால் தெரியாது, தெரிகிறபோது புண் ஆகியிருக்கும். நோயாளியைத் தூக்குவது, ஸ்டிரெச்சர் தள்ளுவது கண்டிப்பாகக் கூடாது. நின்று செய்கிற வேலையைவிட உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேட்டு வாங்கட்டும். மூன்று நாள் என்பது தொடக்கத்துக்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் போதும். மூன்று மாதம் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

தன்னார்வப் பணி வயதானவர்களின் ஆரோக்கியத்துக்கு நல்லது என்று பலரும் எழுதுகிறார்கள். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தன்னார்வலராகப் போகிறவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், மனச்சோர்வு குறைவாக இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டுவது உண்மை. ஆனால் ஏற்கெனவே உடம்பு நன்றாக இருக்கிறவர்கள்தானே வெளியே போய் வேலை செய்ய முன்வருகிறார்கள்? எதனால் எது என்று பிரித்துச் சொல்வது கடினம். என் அளவில், ஓய்வு பெற்ற முதல் ஆறு மாதம் நான் தூங்கவில்லை. போகத் தொடங்கிய பிறகு தூங்குகிறேன். இது என் ஒருத்தியின் கதை, இதை வைத்து உங்கள் அம்மாவுக்கு உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

சேவை மனமா, விட முடியாத பழக்கமா என்று கேட்டீர்கள். இரண்டும் கலந்துதான் இருக்கும். சேவை மனம் பிறவியிலேயே வருவது என்பதை நான் நம்புவதில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கஷ்டத்துக்கு ஒரு அரசு வேலை வேண்டும் என்று வந்தவர்கள். நைட் டூட்டி பார்க்கிற பெண் என்று சொந்தக்காரர்களே பேசிய காலம் அது. அப்படி வந்தவர்கள்தான் வார்டில் நின்று நின்று அந்த மனதை வளர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மனம் எரிந்து தீர்ந்துபோகவும் கூடும். பர்ன் அவுட் என்று இப்போது எல்லா ஆபீஸிலும் சொல்கிற சொல் இருக்கிறதே, அதை 1974-இல் எழுதிப் பிரபலமாக்கிய ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை செய்த தன்னார்வலர்களைப் பார்த்துத்தான் அதை எழுதினார். சம்பளம் இல்லாத வேலை ஆளைச் சோர்வாக்காது என்று நினைத்துவிட வேண்டாம். நான் மனநல மருத்துவம் படித்தவள் அல்ல, கூட இருந்தவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். போய்விட்டு வந்த அன்று அம்மா வழக்கம்போலச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா? ஒரு நாள் போக முடியாமல் போனால் சரி அடுத்த வாரம் என்று விடுகிறாரா, தவித்துப்போகிறாரா? அங்கே நடந்ததை வீட்டில் பேசுகிறாரா, முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? பேசும்போது நோயாளியின் பெயர், வியாதி எல்லாம் சொல்லக் கூடாது, அது வேறு. ஆனால் மனதில் ஏறியதை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூக்கம் கெட்டால் நிறுத்தச் சொல்லுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டிருந்தது. அந்த வருடத் தீபாவளிக்கு எனக்குத் தீக்காய வார்டில் நைட் டூட்டி. தீபாவளி இரவில் அந்த வார்டு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அவனை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, வேப்பிலைக் கொத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். அன்று இரவு அவன் வயதுப் பையன்கள் மூன்று பேரைக் கட்டுப் போட்டுத் தூங்க வைத்தேன். அவன் பெரியவனாகி, கல்யாணப் பேச்சு நடந்தபோது ஒரு நாள் சொன்னான்: "அம்மா, எனக்கு உன் கை எப்பவும் டெட்டால் வாசனையோடதான் ஞாபகம் இருக்கு." குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் என்னிடம் பதில் இல்லை. அது நியாயம்தான் என்று அவனிடம் வாதாட மாட்டேன். உங்கள் அம்மா சார்பில் உங்களிடமும் வாதாட மாட்டேன். உங்களுக்குக் கிடைக்காமல் போனது கிடைக்காமல் போனதுதான்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். நோயாளிகளுக்குக் கொடுத்த நேரத்தை எங்களுக்குப் பிடித்து நாங்கள் எடுத்துக் கொடுக்கவில்லை, டூட்டி சார்ட் எடுத்துக்கொண்டது. இப்போது முதல் தடவையாக நேரத்தைத் தானே பங்கு போடுகிற இடத்தில் உங்கள் அம்மா இருக்கிறார். ஆகவே போக வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பங்கு கேளுங்கள். "செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்கு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு" என்று நேராகக் கேளுங்கள். நர்ஸிடம் சாடை மாடையாகப் பேசினால் புரியாது, நாங்கள் எழுதிப் போட்ட ஆர்டருக்குப் பழகியவர்கள். என் மகன் அப்படித்தான் கேட்டான். மாதத்தின் கடைசி வாரம் முழுவதும் அவன் வீட்டில் இருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் அந்த வாரம் போவதில்லை.

இன்னொன்று, முடிந்தால் ஒரே ஒரு நாள் அவரோடு நீங்களும் போங்கள். தன்னார்வலராகச் சேர வேண்டியதில்லை, காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். அம்மாவை எல்லோரும் "சிஸ்டர்" என்று கூப்பிடும்போது அவர் முகம் எப்படித் திரும்புகிறது என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் பார்த்ததே இல்லை. என் மகன் அவனுடைய முப்பத்தைந்தாவது வயதில்தான் பார்த்தான்.

போவதற்கு முன் செய்ய வேண்டியது: அரசு மருத்துவமனை என்றால் டீன் அல்லது ஆர்.எம்.ஓ. என்கிற நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், எந்த வார்டு, எந்த நேரம் என்று அதில் இருக்க வேண்டும். தெரிந்த இடம், தெரிந்த ஸ்டாஃப் என்று சும்மா நுழைவது வேண்டாம். தான் வேலை பார்த்த அதே வார்டைத் தவிர்ப்பது நல்லது. பழைய ஜூனியர்களுக்கும் சங்கடம், இவர் கையும் சும்மா இருக்காது. அடையாள அட்டை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். யாருக்கும் பணம் கொடுக்கவோ, மருந்து வாங்கிக் கொடுக்கவோ தொடங்க வேண்டாம், தேவை இருந்தால் மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும். பையில் ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு பிஸ்கட், சர்க்கரை இறங்கினால் வாயில் போட ஒரு மிட்டாய். அப்புறம், காலையில் மாத்திரை போட்டு, உட்கார்ந்து இட்லி சாப்பிட்டு முடித்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்பதில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். நின்றுகொண்டு வாயில் போட்டுக்கொண்டு ஓடத்தான் அவர் பார்ப்பார். மார்னிங் டூட்டிக் காலத்தில் நாங்கள் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.